ஓசோனுக்கு ஒரத்துப்பாளையம் இல்லை

முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் நான். ஓசோன் என்றால் என்ன என்று என் பழைய மாணவர்கள் யாரைக் கேட்டாலும், வானத்தில் உயரத்தில் இருக்கும் படலம், சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது, அதில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ஒப்பிப்பார்கள். பாடப்புத்தகத்தில் இருந்தது அவ்வளவுதான். பரீட்சைக்கு அது போதும்.

தரையில் இன்னொரு ஓசோன் உண்டு. அணு மூன்றும் அதே ஆக்சிஜன் அணுதான், ஆனால் இருக்கும் இடம் வேறு. நம் மூக்குக்கு நேரே இருக்கும்போது அது நுரையீரலை அரிக்கும், ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தும், இலையின் துளை வழியாக உள்ளே போய்ப் பயிரை வாட்டும். இதில் விசேஷம் என்னவென்றால், எந்தப் புகைபோக்கியும் ஓசோனை விடுவதில்லை. வண்டி, கொதிகலன், ஜெனரேட்டர் இவற்றிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல், தின்னர், பெயிண்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமப் பொருள்களும் நல்ல வெயிலில் சில மணி நேரம் சேர்ந்து கிடந்தால் ஓசோன் உண்டாகிறது. அந்தச் சில மணி நேரத்தில் காற்று சும்மா நிற்காது. காலையில் ஓர் ஊரில் கிளம்பிய புகை, மத்தியானம் அடுத்த ஊரில் ஓசோனாகப் போய்ச் சேரும். சமைப்பது ஒரு வீடு, சாப்பிடுவது இன்னொரு வீடு.

இதை உலகம் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் திடீரென்று கண் எரிச்சலும் மூட்டமும் வந்தது. யுத்த காலம். ஜப்பான்காரன் விஷவாயுவை விட்டுவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலை மேல் பழி விழுந்தது. அதை நிறுத்தியும் பார்த்தார்கள். மூட்டம் போகவில்லை.

விடை சொன்னவர் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்கார வேதியியலாளர். கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர்! 1950-களின் தொடக்கத்தில், கார் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று அவர் காட்டினார். அந்த ஊரில் ரப்பர் சீக்கிரம் வெடித்துப்போவதற்கும் இந்த ஓசோன்தான் காரணம். வளைத்து வைத்த ரப்பர் துண்டு எத்தனை நிமிடத்தில் வெடிக்கிறது என்று பார்த்தே அன்றைக்கு ஓசோனை அளந்திருக்கிறார்கள். இவ்வளவு எளிய சோதனையை வகுப்பில் செய்து காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். எண்ணெய் நிறுவனங்கள் அவர் முடிவை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 1968-இல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். 1975 மாடல் கார்களிலிருந்து அங்கே புகைக்குழாயில் வினையூக்கிப் பெட்டி வந்தது. நம் ஊரில் வண்டியோடு அது பரவலாக வருவதற்கு, முதலில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுக்க வேண்டியிருந்தது. ஈயம் வினையூக்கியைக் கெடுத்துவிடும். நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் என்றானது 2000 பிப்ரவரியில்.

எனக்கு வேதியியலைவிட அங்கே நிர்வாகம் மாறிய விதம்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு நகராட்சி மட்டும் சட்டம் போட்டுப் பயனில்லை என்று 1947-லேயே தெரிந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி முழுவதற்கும் ஒரே அமைப்பு வைத்தார்கள். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. அதுவும் பத்தாது என்று 1977-இல் நான்கு கவுண்டிகளின் பகுதிகளைச் சேர்த்து ஒரே காற்று மேலாண்மை மாவட்டம் ஆக்கினார்கள். 1990-இல் சட்டத்தைத் திருத்தியபோது, மெய்ன் முதல் வர்ஜீனியா வரை கிழக்குக் கரையோர மாநிலங்கள் ஓசோனுக்காகவே கூடிப் பேச ஓர் ஆணையம் வைத்தார்கள். நகராட்சி, கவுண்டி, நான்கு கவுண்டி, பல மாநிலம் என்று எல்லை விரிந்துகொண்டே போனது. ஆற்றுக்குப் படுகை இருப்பது போலக் காற்றுக்கும் படுகை உண்டு என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்கே நாற்பது, ஐம்பது வருசம் ஆகியிருக்கிறது.

நம் நாட்டில் காற்றுச் சட்டம் வந்தது 1981-இல். காற்றில் எது எவ்வளவு இருக்கலாம் என்ற தர அளவுகளும் அதையொட்டி வந்தன. ஆனால் அந்தப் பட்டியலில் ஓசோன் சேர்ந்தது 2009 நவம்பரில்தான். எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. வருசத்தில் 98 சதவீத நேரம் இதற்குள் இருக்க வேண்டும். அளவு வந்ததே தவிர, அதை எட்டுவதற்கான திட்டம் என்று பார்த்தால், 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் இலக்கு முழுக்கத் தூசி பற்றியது. அதுவும் நகரம் நகரமாகப் போடப்பட்ட திட்டம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று நான்கு ஊர்கள். கோயம்புத்தூரும் திருப்பூரும் இல்லை. பல மாநிலங்களைச் சேர்த்துப் பார்க்கும் அமைப்பு தில்லிக்கு மட்டும் வந்தது. 2020-இல் அவசரச் சட்டமாக வந்து, 2021-இல் நாடாளுமன்றச் சட்டமானது. அங்கே வைக்கோல் புகை கண்ணுக்குத் தெரிகிறது, நாட்டின் தலைநகரம் வேறு.

நம்ம பக்கம் வருவோம். கோயம்புத்தூரிலிருந்து வடகிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் அவிநாசி. திருப்பூர் கூப்பிடு தூரம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது கோவையின் காற்று நம் பக்கம் வரும். மார்கழி, தையில் கீழ்காற்று திரும்பும்போது திருப்பூர்ப் பக்கத்துக் காற்று மேற்கே போகும். எப்படிப் பார்த்தாலும் நடுவில் நாம்தான். ஆடியில் பயமில்லை. மேகம் இருக்கும், அடிக்கிற காற்றில் எதுவும் தங்காது. மாசி, பங்குனியில் காற்று ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடிக்கும் நாட்கள்தான் ஓசோனுக்கு ஏற்றவை. 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது அவிநாசி கோவையிலிருந்து திருப்பூருக்குப் போனது. கோப்புகளும் கூடவே போயின. காற்றைப் பிரிக்க முடியவில்லை.

சேர்மானங்களுக்குக் குறைவே இல்லை. என் இளமையில் ரோட்டில் ஓடிய மொபெட்டுகள் எல்லாம் டூ ஸ்ட்ரோக். ஊற்றிய பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே வெளியே துப்பும். பனியன் தொழில் வளர்ந்தபோது சாயப்பட்டறைக் கொதிகலனும், பிரிண்டிங் பட்டறையின் தின்னர் வாசமும் கூட வந்தன. 2012-இல் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சின்னக் கம்பெனி முதல் பெரிய மில் வரை வாசலில் ஒரு டீசல் ஜெனரேட்டர் உறுமியது. ஏற்றுமதி ஆர்டருக்குத் தேதி இருக்கிறதே, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்! ஆனால் அந்த இரண்டு மூன்று வருசத்தில் இந்த வட்டாரத்தின் ஓசோன் எப்படி இருந்தது என்று பார்க்க, ஊருக்கு ஊர் ஒரு கருவி இருந்திருந்தால் அரிய பாடமாக இருந்திருக்கும்.

கருவியை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வண்டிகள் நெருக்கும் சிக்னலில் வைத்தால் ஓசோன் குறைவாகத்தான் காட்டும். எஞ்சினிலிருந்து அப்போதுதான் வந்த நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். ஊர் தாண்டிக் காட்டுப் பக்கம் வந்த பிறகுதான் ஓசோன் ஏறும். அதனால் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் கொஞ்சம் குறைத்தால், சில நகரங்களில் ஓசோன் கூடியும் போகலாம். 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்று, தூசியும் புகையும் குறைந்தபோது, இந்தியாவில் சில நகரங்களில் ஓசோன் மட்டும் ஏறியது இப்படித்தான். இரண்டு சேர்மானத்தையும் எந்த அளவில், எந்த ஊரில் குறைப்பது என்று வட்டாரம் முழுக்கக் கணக்குப் போட வேண்டும். கோவை மாநகராட்சி தனியாகப் போடும் கணக்கு அல்ல இது.

நமக்கு இது புரியாத விசயமா? நொய்யலைப் பாருங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு அங்கேயே நிற்கவில்லை, கீழே போனது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் வந்து தேங்கியது. உப்பும் சாயமும் கலந்த அந்தத் தண்ணீரைப் பார்க்க வராத பத்திரிகைக்காரர் இல்லை. கீழ்ப்பகுதி விவசாயிகள், நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். தொழிலாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை நடைமுறைக்கு வந்தது.

அந்த விவசாயிகளுக்குக் காட்டுவதற்கு ஓர் அணை இருந்தது. ஓசோனுக்கு அப்படி எதுவும் இல்லை. நிறம் தெரியாது, சாயங்காலம் வெயில் இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். மறுநாள் போய் மாதிரி எடுக்க முடியாது. கீழ்க்காற்றுத் திசையில் இருக்கும் ஊர்க்காரன் யார் மேல் வழக்குப் போடுவான்?

மாவட்ட எல்லை தாண்டித் திட்டம் போட நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு என்று மூன்று மாவட்டக் குளங்களையும் ஒன்றாகக் கணக்கெடுத்தது. 1,045 குளம், குட்டைகள். பவானித் தண்ணீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து குழாயில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். எங்கள் அப்பா தலைமுறை கேட்க ஆரம்பித்தது, 2024 ஆகஸ்டில்தான் தொடக்க விழா நடந்தது என்பது வேறு விசயம். நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் 1971-லிருந்தே மண்டலத் திட்டம் என்பதற்கு இடம் இருக்கிறது. நிலத்துக்கும் தண்ணீருக்கும் போட்ட அந்த மூன்று மாவட்ட வரைபடத்தை எடுத்து, அதன் மேலேயே கொதிகலன், பெட்ரோல் பங்க், பிரிண்டிங் பட்டறை, நெடுஞ்சாலை எல்லாவற்றையும் குறித்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிக்கு அளவு வேண்டும். ஓசோன் கருவி ஒன்றும் மாயமில்லை. 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை ஒரு குழாயில் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பதுதான். ஒரு சிறிய பெட்டி, மின்சாரம், ஒழுங்காகச் சரிபார்க்க ஓர் ஆள். அன்னூரில் ஒன்று, சேவூரில் ஒன்று, குன்னத்தூர்ப் பக்கம் ஒன்று. ரோட்டிலிருந்து தள்ளி, அரசுப் பள்ளிக்கூட மாடியில் வைக்கலாம். தை பிறந்து சித்திரை முடியும் வரை மணிக்கொரு தடவை எண்ணைக் குறித்துக்கொள்ளப் பிளஸ் டூ பிள்ளைகளே போதும்.