ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்: உயிர் கொடுத்த ஒரு சிடியின் கதை

"ஃபார்மட் அடிச்சிடலாமா?" கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மெஷின் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை. சரின்னு தலையாட்டினா மெஷின் பிழைச்சிடும். உள்ளே இருந்த கல்யாண போட்டோ, காலேஜ் புராஜெக்ட் எல்லாம் போயிடும். அந்தக் கேள்விக்கு 'கொஞ்சம் பொறுங்க' என்று பதில் சொல்ல வழி செய்த ஒரு சிடியின் வரலாறுதான் இன்றைய எபிசோட்.

முதல்ல ஒரு விஷயம். பூட் ஆகலைன்னா ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சுன்னு அர்த்தம் கிடையாது. பழைய பிசிகளில் ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டர் வெறும் 512 பைட். அதில் பூட் செய்யும் நிரலுக்கு 446 பைட், பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64 பைட். இந்தத் துளி இடம் கெட்டாலே போதும், மற்ற ஃபைல்கள் பத்திரமாக இருந்தும் மெஷின் எழுந்திருக்காது. சாவி தொலைந்த வீடு மாதிரி. உள்ளே சாமான் எல்லாம் அப்படியே இருக்கும், கதவுதான் திறக்காது.

அப்போ வெளியிலிருந்து ஒரு சாவி வேணும். ஆரம்பத்தில் அது ஃப்ளாப்பி. 1.44 எம்பியில் ஒரு கறுப்புத் திரையும் சில கட்டளைகளும்தான் அடங்கும். 1992 கடைசியில் வந்த இக்டிராசில் லினக்ஸை சிடியிலிருந்தே ஓட்ட முடிந்தது. ஆனால் அதைத் தொடங்கி வைக்க ஒரு ஃப்ளாப்பி தேவைப்பட்டது, ஏனென்றால் அன்றைய பிசிகளுக்கு சிடியிலிருந்து நேராக பூட் ஆகத் தெரியாது. அதற்கான பொது விதிமுறையை ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 1995-ல் வகுத்தன. பெயர் 'எல் டோரிட்டோ'. அது ஒரு மெக்சிகன் ரெஸ்டாரன்ட்டின் பெயர் என்று சொல்வார்கள்!

2000-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் தன் பெயரிலேயே 'நாப்பிக்ஸ்' சிடியை வெளியிட்டார். அடிப்படை, டெபியன் லினக்ஸ். இதில் இரண்டு விஷயங்கள் என்னை இன்றும் ஆச்சரியப்படுத்துகின்றன. எந்த பிசியில் போட்டாலும் அதன் பாகங்களைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அடுத்து, சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி சிடிக்குள் வைத்து, தேவைப்படும்போது மட்டும் விரித்துக்கொள்ளும். வேலை முழுக்க ரேமில் நடக்கும். நாம் சொன்னாலொழிய ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதாது.

கடைசியில் சொன்ன அந்தக் குணம்தான் இதை மீட்பு சிடியாக்கியது. பயாஸில் சிடியை முதலில் வைத்து பூட் செய்தால் முழு டெஸ்க்டாப் வந்துவிடும். எழுந்திருக்காத ஹார்ட் டிஸ்கை 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறக்கலாம். முதல் வேலை, ஃபைல்களை வேறொரு டிஸ்குக்கு நகலெடுப்பது. ரிப்பேர் அப்புறம்தான். லினக்ஸ் மெஷின் என்றால், சிடியில் இருந்தபடியே பழைய சிஸ்டத்துக்குள் நுழைந்து 'கிரப்' பூட்லோடரைத் திரும்ப நிறுவலாம். ஆனா டிஸ்க் டக் டக்னு சத்தம் போட்டா, உடனே ஆஃப் பண்ணுங்க. அது பாகமே பழுதானதற்கான அறிகுறி. எந்த சிடியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சிடி டிரைவே இல்லாத காலம் இது, இதெல்லாம் பழங்கதைன்னு தோணலாம். 2024 ஜூலை 19-ஐ நினைச்சுப் பாருங்க. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. இந்தியாவிலும் சில விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கிடைத்தது. தீர்வு? பல மெஷின்களில் ஆள் நேரில் போய், அந்த ஒரே ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கென்று யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் ஒரு கருவியையே வெளியிட்டது. நாப்பிக்ஸ் காலத்து யோசனைதான், தட்டு மட்டும் பென்டிரைவாக மாறியிருக்கிறது.

ஒரு புதுச் சிக்கலும் அன்றைக்குத் தெரிந்தது. பிட்லாக்கரால் பூட்டிய டிஸ்க், 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் வெளியிலிருந்து திறக்காது. திருடனிடமிருந்து காக்கிற அதே பூட்டு, காப்பாற்ற வருபவரையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அதனால, எபிசோட் முடிஞ்சதும் ஒரு வேலை. உங்க லேப்டாப்போட ரெக்கவரி கீ எங்கே இருக்குன்னு தேடி, ஒரு பேப்பரில் எழுதி வைங்க. மெஷின் நல்லா ஓடும்போது அது அஞ்சு நிமிஷ வேலை.