கடைமடையும் வைஃபை பெட்டியும்



"சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதுப்பா, நெட்வொர்க்தானே உன் பிழைப்பு" என்று நம் சங்கத்து அண்ணன் ஒருவர் போனில் கேட்டார். எழுதிப் பழக்கமில்லை என்று தட்டிக் கழிக்கத்தான் பார்த்தேன். ஆனால் அதே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

முதலாமவர் சின்னமனூரில் இருக்கும் என் அப்பா. "டேய், வீட்டு வைஃபை இழுக்கவே மாட்டேங்குது. ஏழாம் நம்பர்னு புதுசா ஏதோ வந்துருக்காம்ல, மாத்திருவமா?" இரண்டாமவர் என் வகுப்புத் தோழர், நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். நம் விடுதிக்குக் கொடுக்கவிருக்கும் நன்கொடையில் பழைய வைஃபை பெட்டிகளையெல்லாம் தூக்கிவிட்டுப் புது மாடல் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று அவர் கேட்டார்.

கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் சொல்ல இருபது இருபத்தைந்து வருடம் பின்னே போக வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக் கதை இல்லை, நம் கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த கதை. நம் மாணவர்களில் பலருக்கு இது தெரியாது. எனக்கே படித்து முடித்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

டெலிபோன் கம்பிக் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். டெலிபோன் கம்பியில் மோடத்தை மாட்டி, அது கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்த காலம். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தபோது, வினாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறை செய்தார்கள். 2013-ல் அது 512 ஆனது. 2023-ல்தான் 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். இன்று நம் வீடுகளுக்கு 50, 100 மெகாபிட் வருகிறது.

கிராமங்களுக்கும் இதைக் கொண்டுபோக வேண்டும் என்று முதலில் முனைந்தவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் முக்கியமானவர்கள். அவர்கள் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் திறக்கப்பட்டன. வேகம் 35 அல்லது 70 கிலோபிட். கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்க அது போதும். டாக்டரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேச அது போதாது.

தேனியில் நடந்தது

அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். தேனி மருத்துவமனை 1985-ல் வந்தது. கண் முகாமுக்கு வருகிறவர்கள் போக, வராமலே வீட்டில் முடங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார், தேனியிலிருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். இதற்கு நல்ல வேகமான, அறுந்து போகாத இணைப்பு வேண்டும். செலவும் கட்டுப்படியாக வேண்டும்.

அப்போது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழு ஒன்று, வீட்டு உபயோகத்துக்குச் செய்த மலிவான வைஃபையை வைத்து ஊர்விட்டு ஊர் இணைக்க முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. உலகம் முழுக்க கோடிக்கணக்கில் விற்றதால் வைஃபை சில்லு அவ்வளவு மலிவாகியிருந்தது. 2005 ஜனவரியில் இந்திய அரசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெட்டவெளியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. தேனி மருத்துவமனையிலிருந்து அம்பாசமுத்திரம் (நம் தேனிப் பக்கத்து அம்பாசமுத்திரம், நெல்லைச் சீமையது இல்லை), போடி, சின்னமனூர் உள்ளிட்ட ஐந்து பார்வை மையங்களுக்கு வைஃபை இணைப்பு போட்டார்கள். 2006-ல் இந்தச் செய்தியைப் பெர்க்லி வெளியிட்டபோது, இந்த முறையில் 64 கிலோமீட்டர் தூரம் வரை 6 மெகாபிட் வேகம் கிடைக்கும் என்றது.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, 2007-ல், என் அப்பத்தாவைச் சின்னமனூர் மையத்துக்குக் கூட்டிப்போனேன். "தேனிக்கெல்லாம் நான் வரமாட்டேன், பஸ்ஸுல தலை சுத்தும்" என்று இரண்டு வருடமாக அடம்பிடித்தவர். திரையில் வந்த டாக்டரம்மா, "பாட்டி, நல்லாருக்கீங்களா? மேல பாருங்க" என்றதும் அப்பத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வணக்கம் போட்டது இன்னும் நினைவிருக்கிறது. கண்புரை என்றார்கள். அந்த முகத்தைப் பார்த்துப் பேசிய தைரியத்தில்தான் ஆபரேஷனுக்குத் தேனிக்கு வரச் சம்மதித்தார். அதற்குப் பிறகு பத்து வருடம் தானே முருங்கைக்கீரை ஆய்ந்தார், தானே கல் பொறுக்கினார். இப்படி ஒரு மாயம் எந்தப் பெட்டியால் நடந்தது என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.

முறைப்பாசனம்

சரி, அது என்ன பெட்டி? விசேஷமான பெட்டி எதுவுமில்லை. கடையில் கிடைக்கும் வைஃபை கார்டுதான். சும்மா மாட்டிப் பார்த்தால் அது வேலை செய்யவில்லை. ஏன் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

வைஃபையில் ஒரு பெட்டி ஒரு பொட்டலத் தகவலை அனுப்பினால், எதிர்ப் பெட்டி "வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் அனுப்பும். வீட்டுக்குள் பதில் உடனே வந்துவிடும். ஆனால் 15 கிலோமீட்டர் போய்வர ரேடியோ அலைக்கே 100 மைக்ரோ வினாடி ஆகும். வீட்டுக்கென்று செய்த பெட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பதில் வந்துகொண்டிருக்கும்போதே மறுபடி அனுப்பி, இரண்டும் மோதி, எல்லாம் குழம்பிப் போகும். போதாததற்கு, ஒரே டவரில் நாலு திசைக்கு நாலு ஆன்டெனா இருந்தால் ஒன்று பேசும்போது பக்கத்திலிருப்பதற்குக் காது கேட்காது.

இதற்கு அவர்கள் புதுப் பெட்டி வாங்கவில்லை. மென்பொருளை மாற்றினார்கள். நம் ஆயக்கட்டில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அதே மாதிரி, "இந்த நேரம் நீ பேசு, அடுத்த நேரம் நான் பேசுகிறேன்" என்று முறை வைத்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் கேட்காமல் மொத்தமாகச் சேர்த்துப் பதில் கேட்டார்கள். வைல்ட்நெட் என்ற பெயரில் 2007-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைப்படி, சாதாரண வைஃபை தந்த வேகத்தைவிட இது 2 முதல் 5 மடங்கு தந்தது. அதே வருடம் வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி என்ற பேராசிரியர் இந்த மென்பொருளை வைத்து 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு கொடுத்துக் காட்டினார்.

உயரமும் கரண்டும்

அடுத்த வருடம், 2008-ல், இதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. எனக்கு முதல் கட்டுரையைவிட இதுதான் பிடிக்கும். ஒரு நெட்வொர்க்கை ஆரம்பிப்பது எப்படி என்பதைவிட, அதைச் சாகாமல் காப்பாற்றுவது எப்படி என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள்.

தேனி நெட்வொர்க்கில் மொத்தம் 11 பெட்டிகள். ஐந்து டவர்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர் வரை. தென்னையும் கட்டிடமும் மறைக்காமல் ஆன்டெனாவுக்கு ஆன்டெனா கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த உயரம். ஒரு ஜவுளி ஆலையின் மின் நிலையப் புகைபோக்கியில்கூட ஒரு ஆன்டெனாவைக் கட்டியிருந்தார்கள்.

அவர்களைப் பாடாய்ப் படுத்தியது கரண்ட். கரண்ட் இல்லாததைவிட, வருகிற கரண்ட் கெட்டதாக இருந்ததுதான் பெரிய தலைவலி. கிராமப்புற லைன்களில் 1000 வோல்ட் வரை திடீரென்று எகிறியதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அடாப்டர்கள் எரிந்தன, மெமரி கார்டுகள் கெட்டன. வோல்டேஜ் குறைந்தபோது பெட்டி பாதி உயிரில் தொங்கி நின்றது. ஆகவே வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டித்து, சரியானதும் தானே இணைக்கும் சர்க்யூட் போட்டார்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பெர்க்லியிலிருந்து ஆள் வராமலே அவர்களே பழுது பார்க்கும்படி செய்தார்கள்.

அப்பத்தா டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததற்குப் பின்னால் இருந்தவை மென்பொருளும், உயரமும், ஒழுங்கான கரண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்தான். பெட்டி சாதாரணப் பெட்டி. அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன.

அப்பா வீட்டில்

இந்தப் பாடத்தைப் படித்த நானே அதை மறந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019-ல் ஒன்று, 2022-ல் ஒன்று என்று அப்பாவுக்கு இரண்டு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவதன் விலை ஐயாயிரத்துக்கு மேல். முதல் வாரம் "சூப்பரா இருக்குப்பா" என்பார். மறுமாதம் பழைய பல்லவி. இந்தத் தடவை அவர் கேட்டபோது வாங்கி அனுப்பாமல் நேரே போனேன்.

லேப்டாப்பில் கேபிளைச் சொருகிப் பார்த்தேன். 50 மெகாபிட் திட்டத்துக்கு 48 வந்தது. ஆக, வீட்டு வாசல் வரை தண்ணீர் நன்றாக வருகிறது. அப்பாவின் அறையில் பார்த்தால் 6. பெட்டி டி.வி. ஷோகேஸுக்குள், இரும்பு பீரோவை ஒட்டி இருந்தது. நடுவில் பழைய காலத்து ஒன்றரை அடிச் சுவர். இதோடு விட்டதா? சாயந்திரம் தண்ணீர் மோட்டார் போட்டதும் பெட்டியின் விளக்கெல்லாம் ஒரு முறை அணைந்து எரிந்தது. அதன் பிளக் பாயிண்ட் ஆடிக்கொண்டிருந்தது. மோட்டார் வோல்டேஜை இழுக்கும்போதெல்லாம் பெட்டி செத்துப் பிழைத்திருக்கிறது. அப்பா என்னோடு பேசும் நேரமும் மோட்டார் போடும் நேரமும் ஒன்றுதான். நான்தான் வேலை இருப்பதால் போனை வைத்துவிடுகிறேன் என்று அவர் பல நாள் நினைத்தாராம். "நீ கட் பண்றியோன்னு நெனச்சேன்டா" என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

பிளக் பாயிண்டை மாற்றி, பெட்டிக்கென்று ஒரு சின்ன யூ.பி.எஸ். வைத்து, பதினைந்து மீட்டர் கேபிள் இழுத்துப் பெட்டியை நடு ஹாலில் உயரத்தில் மாட்டினேன். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு உள்ளேதான். அவர் அறையில் இப்போது 40 வருகிறது. பெட்டி அதே 2022 பெட்டி.

எப்போது மாற்ற வேண்டும்?

அதற்காகப் புதுப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் பிழைப்பும் ஓடாது. 100 மெகாபிட் போர்ட் உள்ள பெட்டிக்கு 300 மெகாபிட் திட்டம் போட்டால் பணம் வீண், மாற்றத்தான் வேண்டும். என் அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டு வைஃபைகள் இருபது முப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டி மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள பெட்டிக்கு மாறியதில் எனக்கு நல்ல பலன். கம்பெனி பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டாலும் மாற்றிவிடுங்கள். 2017-ல் டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பு முறையில் பெரிய ஓட்டை கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டை உள்ள கருவிகளுக்கு அப்டேட் வராவிட்டால் அது அப்படியேதான் இருக்கும்.

மற்றபடி முதலில் அளந்து பாருங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் ஊர் விவசாயி மடையை இடித்துப் பெரிசாக்க மாட்டார். வாய்க்காலோடு நடந்து போய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிர்வாகக் குழு நண்பருக்கும் இதுதான் என் பதில். விடுதிக்குப் பெட்டி வாங்குமுன், மூன்றாம் நான்காம் வருட மாணவர்களிடம் ஒரு வாரம் அந்த வேலையைக் கொடுப்போம். அறை அறையாக வேகத்தை அளக்கட்டும், எர்த்திங்கைச் சோதிக்கட்டும், கேபிளைத் தொட்டுப் பார்க்கட்டும். அவர்கள் பட்டியல் கொடுத்த பிறகு எது தேவையோ அதற்கு நாம் பணம் கொடுப்போம். ஒருவேளை புதுப் பெட்டிதான் தேவை என்று வரலாம். அப்படி வந்தால் முதல் பெட்டிக்கான பணம் என்னுடையது. வராவிட்டால் அந்தப் பணத்தை யூ.பி.எஸ்ஸுக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

சந்திப்பு நாளன்று நேரில் பேசுவோம். வளர்க நம் கல்லூரி!