அரைப் பென்னியும் ஆறு தம்படியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரில், நூல்களை விலைக்கு வாங்க இயலாதவர்கள் சந்தா நூலகங்களை நாடினர். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது சார்லஸ் எட்வர்டு மூடி என்பவருடையது. 1842-இல் நூல்களை இரவல் தரத் தொடங்கிய அவர், ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தாவாகப் பெற்றார். அத்தொகைக்கு ஒரு வேளையில் ஒரு தொகுதி மட்டுமே கிடைக்கும். மூன்று தொகுதிகளாக வெளிவந்த நாவலைப் படித்து முடிக்க மும்முறை நடக்க வேண்டும்! கூலிக்கு உழைப்பவனுக்கோ ஒரு கினி என்பது பல நாள் ஊதியம். சந்தா செலுத்தும் குடும்பங்களின் மனம் கோணாதவாறு, எந்த நூலை ஏற்பது, எதனை விலக்குவது என்பதையும் மூடியே முடிவு செய்தார். கட்டணம் வாசகரையும் வடிகட்டியது, நூலையும் வடிகட்டியது.

இந்நிலையை மாற்ற எழுந்ததே 1850-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். வில்லியம் யூவர்ட் கொணர்ந்த அச்சட்டத்திற்குப் பாராளுமன்றத்தில் எதிர்ப்பு மிகுந்திருந்தது. கர்னல் சிப்தார்ப் என்ற உறுப்பினர், தமக்குப் படிப்பதே பிடிக்காது என்று வெளிப்படையாகவே கூறினார். நேர்மையான எதிர்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும்! பவுனுக்கு அரைப் பென்னிக்கு மேல் வரி கூடாது. வரி செலுத்துவோரில் மூன்றில் இருவர் இசைய வேண்டும். வரிப்பணத்தைக் கட்டடத்திற்கும் பணியாளருக்கும் செலவிடலாம், நூல் வாங்குவதற்கு ஆகாது. இத்தனை தடைகளோடுதான் சட்டம் நிறைவேறியது. 1852-இல் பர்மிங்காம் நகரில் பெரும்பான்மையோர் ஆதரித்தும் மூன்றில் இரு பங்கு எட்டாமையால் நூலகம் தள்ளிப்போயிற்று. அதே ஆண்டில் மான்செஸ்டரில், தொழிலாளரும் சேர்ந்து அளித்த நன்கொடையின் துணையால், கட்டணமின்றி இரவல் தரும் நூலகம் திறக்கப்பட்டது. 1855-இல் வரி வரம்பு ஒரு பென்னியாக உயர்ந்தது. நூல் வாங்கும் உரிமையும் கிடைத்தது.

இந்த மரபை நேரிற்கண்டு திரும்பியவர் சீர்காழி அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவருக்கு முதலில் அப்பணி சலிப்பையே தந்தது. கல்லூரிக்கே திரும்பிவிட விழைந்தார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது அங்குள்ள பொது நூலகங்கள் அவர் மனத்தை மாற்றின. அவருடைய நெடிய முயற்சியின் பயனாக, அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்த காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சொத்துவரி அல்லது வீட்டுவரியில் ரூபாய்க்கு ஆறு தம்படி, அதாவது அரை அணா, நூலக வரியாக விதிக்கப்பட்டது. சென்னை நகர் நீங்கலாக ஏனைய மாவட்டங்களில் வசூலாகும் தொகைக்குக் குறையாத மானியத்தை அரசும் அளிக்க வேண்டும் என்றது சட்டம்.

அந்த ஆறு தம்படி பின்னாளில் 10 காசாக உயர்ந்தது. வீட்டுக்காரர் செலுத்தும் இவ்வரியில், வாடகைக்குக் குடியிருப்பவரின் பங்கும் வாடகை வழியே சேர்ந்துவிடுகிறது. ஆகவே நூலகத்தினுள் நுழையும் ஏழை, முன்னரே பணம் செலுத்தியவன். இலவசத்திற்குக் கை நீட்டுபவன் அல்லன். எனினும் நம் பொது நூலகங்களில் நூலை வீட்டிற்கு எடுத்துச் செல்ல வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கேட்கிறார்கள். தொகை சிறியதுதான். நூல் தொலைந்தால் ஈடு வேண்டும் என்பதால் வைப்புத்தொகையில் நியாயமும் உண்டு. சந்தாவிற்கு அந்நியாயமும் இல்லை. இதற்கிடையே, மக்களிடம் வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி மன்றங்கள் சில, நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைக்கின்றன. சந்தாவை நிலுவை வைக்கும் வாசகனுக்கோ மறு நூல் கிடைப்பதில்லை.