பஞ்சமும் சுவரொட்டியும்

கலை பிரசாரத்துக்குப் பயன்படலாமா என்ற வினா நம்மிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. தூய கலையை வேண்டுவோர் பிரசாரம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ் சுளிப்பர். முற்போக்காளராகிய நாமோ, எந்தக் கலையும் ஏதோவொரு வர்க்கத்தின் சார்பிலேயே பேசுகிறது என விடையிறுத்து அமைதி கொள்வோம். இரு சாராரும் கேளாதுவிடும் கேள்வி ஒன்றுண்டு. பிரசாரம் மக்களின் உண்மை நிலையை எடுத்துரைக்கிறதா, அல்லது ஆள்வோரின் விருப்பத்தையே மக்களின் நிலையெனக் காட்டுகிறதா? கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட நாடுகளிற் சுவரொட்டி கையாளப்பட்ட வரலாற்றை, அந்நாடுகளை வாட்டிய பஞ்சங்களோடு சேர்த்து நோக்கினால் இதற்கு விடை காணலாம்.

1897ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஜார் ஆண்ட ருஷ்யாவில் வாசிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேரே. 1917இல் ஆட்சியைக் கைப்பற்றிய போல்ஷெவிக்குகள், பத்திரிகை எட்டாத பெருந்திரளோடு படத்தின் வாயிலாகவே பேசவேண்டியிருந்தது. 1919ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ரோஸ்தா என்னும் அரசாங்கச் செய்தி நிறுவனத்தின் சார்பில், மிகைல் செரெம்னிக் என்ற ஓவியர் முதலாவது 'ரோஸ்தா சாளரத்தை' மொஸ்கோவில் அமைத்தார். உள்நாட்டுப் போரினாற் பண்டங்களின்றி வெறுமையாய்க் கிடந்த கடைகளின் கண்ணாடிச் சாளரங்கள் மக்களின் செய்தித்தாளாயின. கவிஞர் மாயகோவ்ஸ்கியும் விரைவில் இப்பணியிற் சேர்ந்து படங்களும் வாசகங்களும் ஆக்கிக் குவித்தார். அச்சு வசதியும் காகிதமும் அரிதாயிருந்தமையால், மட்டையில் உருவங்களை வெட்டி, அவ்வெட்டின் மேல் வண்ணம் பூசிப் பிரதிகள் எடுத்தனர்.

அக்காலச் சுவரொட்டிகளுள் ஒன்றைச் சிறப்பாகக் கூறவேண்டும். 1921இல் வொல்கா நதிப் பிரதேசத்தைப் பெரும் பஞ்சம் கவ்வியது. ஏறக்குறைய 50 இலட்சம் மக்கள் மாண்டனர். திமித்ரி மோர் என்ற ஓவியர் அப்பொழுது வரைந்த சுவரொட்டியில் எலும்புந் தோலுமான முதிய உழவர் ஒருவர் இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். பின்னணி முழுவதும் கருமை. காலடியில் ஒடிந்த கதிரொன்று. 'உதவுக' என்னும் ஒரே சொல்லே வாசகம். இளம் சோவியத் அரசு தன் நாட்டில் மக்கள் பட்டினியால் மடிவதைத் தானே உலகுக்கு அறிவித்தது. தன்னை வெறுத்த அமெரிக்காவின் நிவாரண நிறுவனத்தையும் உள்ளே வரவிட்டது. பஞ்சத்தை ஒப்புக்கொண்டதனால் அவ்வரசு வீழ்ந்துவிடவில்லை. பல இலட்சம் உயிர்கள் காக்கப்பட்டன.

பத்தாண்டுகளின் பின் நிலைமை முற்றும் மாறியது. 1931ஆம் ஆண்டு மார்ச்சில், கட்சியின் மத்திய குழு சுவரொட்டி ஆக்கம் பற்றித் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. அதன்பின் சுவரொட்டி வெளியீடு அரச கலை வெளியீட்டகம் ஒன்றின்கீழ் ஒருமுகப்படுத்தப்பட்டது. கூட்டுப் பண்ணைக்கு வருமாறு அழைக்கும் உழவர் பெண்களும், உழவியந்திரங்களும், கதிர் முற்றிய வயல்களும் சுவர்களை நிறைத்தன. 1932-33ஆம் ஆண்டுகளில் உக்ரேயினிலும் கசாக்ஸ்தானிலும் வட காக்கசஸிலும் மீண்டும் பஞ்சம் பரவியது. இறந்தோர் தொகை 50 இலட்சத்துக்கும் 70 இலட்சத்துக்கும் இடைப்பட்டதென ஆய்வாளர் பலர் கணிக்கின்றனர். இப்பொழுதோ 'உதவுக' என்ற சொல் எந்தச் சுவரிலும் தோன்றவில்லை. தானிய ஏற்றுமதி தொடர்ந்தது. உக்ரேயினிலிருந்தும் கூபான் பிரதேசத்திலிருந்தும் உழவர் வெளியேறுவதைத் தடுக்க 1933 ஜனவரியில் ஆணை பிறந்தது. பசித்தவன் தன் ஊர்ச் சுவரில் நிறைந்த களஞ்சியத்தின் படத்தைக் கண்டான்.

அப்படங்களை ஆக்கியோருக்கும் பாதுகாப்பிருக்கவில்லை. ஒளிப்பட ஒட்டுக் கலையின் முன்னோடியும், ஐந்தாண்டுத் திட்டச் சுவரொட்டிகளாற் புகழ் பெற்றவருமான குஸ்தாவ் குளுட்ஸிஸ், 1938 ஜனவரியிற் கைது செய்யப்பட்டு, அடுத்த மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். சீனத்திலும் 1958இன் 'பெரும் பாய்ச்சல்' காலத்துச் சுவரொட்டிகள் பொய்யான விளைச்சலைப் பறைசாற்றின. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மாண்டோரின் தொகை ஒன்றரைக் கோடிக்குக் குறையாதென்பர்.

உண்மையை மறைப்பது பொதுவுடைமைக்கே உரிய குணமென எதிரிகள் இதிலிருந்து முடிவு கட்டுவர். 1943ஆம் ஆண்டு வங்காளம் அதனை மறுக்கின்றது. பிரித்தானிய ஆட்சியில் ஏறக்குறைய 30 இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தபொழுது, அதனை மூடிமறைக்க முனைந்தவர்கள் ஏகாதிபத்தியவாதிகளே. வெளிப்படுத்தியோருள் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஓவியர் சித்தபிரசாத் முன்னணியில் நின்றார். கட்சிக்காகச் சுவரொட்டிகள் வரைந்த அவர் மிதுனபுரி மாவட்டத்தைச் சுற்றி வந்து, தாம் கண்டவர்களைக் கோட்டோவியங்களாகத் தீட்டினார். பலருடைய பெயரையும் ஊரையும் நேர்ந்த கதியையும் உடன் குறித்தார். 'பசித்த வங்காளம்' என்ற பெயரில் வெளிவந்த அச்சிறு நூலின் பிரதிகளை அரசாங்கம் கைப்பற்றி அழித்தது. மோர் 1921இற் செய்ததையே சித்தபிரசாத் 1943இற் செய்தார். ஆகவே வேறுபாடு கொள்கையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பேசுவோர் அதிகாரத்துக்கு எதிரே நிற்கின்றனரா, அதிகாரத்தின் மடியில் அமர்ந்துள்ளனரா என்பதிலும் அது தங்கியிருந்தது.

இலங்கையின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1953இல் யூ.என்.பி. அரசாங்கம் கூப்பன் அரிசியைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டிற் பலர் உயிரிழந்தனர். அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அந்நாளை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அது தகும்.

ஆனால் 1970இல் இடதுசாரிகள் பங்காளிகளாயிருந்த ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபின் நிகழ்ந்ததையும் நினைவுகூர்தல் வேண்டும். நிதியமைச்சர் சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா. 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. உணவுற்பத்தி இயக்கத்தின் முழக்கங்கள் எங்கும் ஒலித்தன. அதே காலத்தில் மலையகத் தோட்டங்களில் மரண வீதம் கடுமையாக உயர்ந்தது. பட்டினி கிடந்த தொழிலாளருட் பெரும்பாலோர் வாக்குரிமையற்றவர்கள். அவர்களுக்காகப் பேசக்கூடிய ஏடுகளோ சுருங்கிவந்தன. 1973இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் அரசின் பிடிக்குள் வந்தது. 1974இல் தவச பத்திரிகைக் குழுமம் அவசரகாலச் சட்டத்தின்கீழ் முத்திரையிடப்பட்டது. முதலாளிகளின் ஏகபோகத்தை உடைக்கிறோம் என்பதே தரப்பட்ட நியாயம். அதில் உண்மையும் இருந்தது. எனினும் தோட்ட லயங்களின் துயர் அந்நியாயத்தினாற் குறைந்துவிடவில்லை. 1953இல் கொத்து அரிசிக்காகத் தெருவில் இறங்கியவர்கள் 1974இல் அமைச்சரவையில் இருந்தனர்.

சோவியத் நாடு போரினாலும் பகைவராலும் சூழப்பட்டிருந்தது, ஆதலின் குறைகளை வெளியிடுவது எதிரிக்குத் துணைபோவதாகும் எனச் சிலர் வாதிடுவர். 1921இலும் அந்நாடு சூழப்பட்டேயிருந்தது. அன்று சொல்ல முடிந்ததை 1933இற் சொல்ல முடியாமற்போனதற்குப் பகைவர் காரணமல்லர். இடைக்காலத்தில், ஆளுங் கட்சியின் சுவரொட்டிக்கு அருகே மறு சுவரொட்டி ஒட்டும் உரிமை எவருக்கும் இல்லாதொழிந்தமையே காரணம்.

இலக்கியத்தையும் வரலாற்றையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை மாணவருக்கு ஒளிவின்றிக் கூறவேண்டும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ சுவரிற் புதிதாய் ஒட்டப்பட்ட தாளொன்றைக் காணும் மாணவன், அது எந்தக் கட்சியினது என்று மட்டும் பார்த்து நின்றுவிடலாகாது. அதில் சொல்லப்படுவது அத்தெருவிலுள்ளோரின் வாழ்வோடு பொருந்துகிறதா என்றும், அதனை மறுத்து இன்னொரு தாள் ஒட்டுபவனுக்கு என்ன நேரும் என்றும் அவன் கேட்கப் பழகவேண்டும். தாள் நம் கட்சியினுடையதாயின் அக்கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டல் வேண்டும்.