லொறிக்கு ஒரு சப்வூஃபர் பெட்டி: முதலில் அளக்க வேண்டியது காற்றை

வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்கும் லொறிகளில் பாட்டு இல்லாத லொறி அபூர்வம். இராத்திரி ஓட்டத்தில் சாரதிக்குத் துணை பிளேன்ரீயும் பாட்டும்தான். அந்தப் பாட்டுக்கு 'பேஸ்' வேண்டும் என்று பெடியன்கள் ஆசைப்படுவதிலும் பிழையில்லை. ஸ்பீக்கரை வாங்கிவிட்டு, கிடைத்த இடத்துக்குப் பொருந்துகிற ஏதோவொரு பெட்டியில் அதைப் பூட்டுவதில்தான் பிழை.

சப்வூஃபரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இரண்டு பக்க ஒலியும் நேர் எதிரானவை. அவை கலந்தால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டி அந்த இரண்டையும் பிரிக்கிறது. அதோடு, உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்து கூம்பைப் பிடித்து வைக்கிறது. பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் இறுகி, பேஸ் ஒரே சுருதியில் 'டும்' என்று மட்டும் கேட்கும்.

இதைக் கணக்காக்கித் தந்தவர்கள் அவுஸ்திரேலியாவில் வேலை செய்த இருவர்: 1961இல் நெவில் தீல், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மோல். ஒழுங்கான ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்.எஸ்., கியூ.ரி.எஸ்., வி.ஏ.எஸ். என்று காணப்படும் எண்கள் இவர்கள் வழி வந்தவைதான். அந்தத் தாள் இல்லாமல், 'பி.எம்.பி.ஓ. 2000 வோட்' என்று மட்டும் பெட்டியில் அச்சடித்த சாமானை வாங்காதீர்கள். அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வோட் எவ்வளவு என்று கேளுங்கள்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. 0.707ஐ கியூ.ரி.எஸ்.ஸால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, 1ஐக் கழியுங்கள். வரும் எண்ணால் வி.ஏ.எஸ்.ஸை வகுத்தால் பெட்டிக்குள் இருக்க வேண்டிய காற்றின் அளவு கிடைக்கும். கியூ.ரி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 30 லீற்றர் என்றால் பெட்டியும் 30 லீற்றர். கெப் வண்டியின் பின் இருக்கைக்குப் பின்னால் சாய்வாகத்தான் இடம் கிடைக்கும். உள்ளளவாக 60 சென்ரிமீற்றர் அகலம், 36 உயரம், ஆழம் மேலே 10, கீழே 20 என்று வைத்தால், சராசரி ஆழம் 15. பெருக்கினால் 32.4 லீற்றர். ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே வைக்கும் முட்டுக்கட்டையும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் சரியாக வரும். பலகை அறுக்க முன் காந்தத்தின் ஆழத்தையும் அளந்து பாருங்கள்.

நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் இந்தக் காற்று ஸ்பிரிங்கும் கொஞ்சம் தளரும். ஆனால் வித்தியாசம் இரண்டு ஹேர்ட்ஸ் அளவுதான், காதுக்குத் தெரியாது. குழாய் வைத்த பெட்டி கூடுதல் சத்தம் தரும், ஆனால் இடம் கூடுதலாகக் கேட்கும், கணக்குப் பிழைத்தால் கூம்பையும் கிழிக்கும். லொறிக்கு மூடிய பெட்டியே போதும்.

கொழும்பில் எல்லோரும் பாவிக்கும் 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். பலகை எங்கள் பனிக்கும் மழைக்கும் ஊதிப்போகும். அதே தடிப்பில் மரைன் பிளைவூட் விலை கூட, ஆனால் நிலைக்கும். மூட்டுகளுக்கு மரப் பசை, ஆணிக்குப் பதில் ஸ்குரூ, உள் விளிம்பெல்லாம் சிலிக்கன். வினாகிரி மணக்கும் சிலிக்கன் நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்பீக்கரைப் பூட்ட வேண்டும், அந்த ஆவி உலோகத்தை அரிக்கும். கூம்பை மெதுவாக அழுத்திப் பாருங்கள். மெல்லத் திரும்பி வந்தால் காற்று ஒழுகவில்லை. கடைசியில் பெட்டியை வண்டியின் உடலோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். இந்த வளைவுகளில் பிரேக் அடித்தால் கட்டாத பெட்டி ஆளின் முதுகில்தான் வந்து நிற்கும்.

வயரில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது. 300 வோட் அம்ப்ளிபயர் 12 வோல்ட் பற்றரியிலிருந்து ஏறத்தாழ 30 அம்பியர் இழுக்கும். 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் தாராளம். பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் மட்டும் பியூஸ் போட்டால், வழியில் வயர் உரசித் தகட்டில் பட்டதும் வண்டியே பற்றிக்கொள்ளும். பெரிய லொறிகள் இரண்டு பற்றரி சேர்த்த 24 வோல்ட். நடுவிலிருந்து 12 வோல்ட் இழுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி எடுத்தால் ஒரு பற்றரி வடியும், மற்றது அளவுக்கு மிஞ்சி சார்ஜாகிக் கொதிக்கும். 24ஐ 12 ஆக்கும் கொன்வேட்டர் வாங்குவதே வழி.

சத்தத்துக்கும் அளவு உண்டு. 85 டெசிபல் என்றால் எட்டு மணித்தியாலம், 100 என்றால் கால் மணித்தியாலம். அதற்கு மேல் காது பழுதாகும். பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்னும், மழை நாளில் மண் சரியும் ஓசையும் சாரதிக்குக் கேட்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியதும் நினைவிருக்கும்.

இன்னொன்று. சரக்கோடு வவுனியா, கிளிநொச்சி வரை போகிறவர்களும் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு ஓடிய எங்கள் சனம் குடியேறிய இடங்கள் அவை. மெல்லிய ஒலிகளைச் சுவர் தடுக்கும், 40 ஹேர்ட்ஸைத் தடுக்காது. பங்கருக்குள் நாட்களைக் கழித்தவர்கள் பலருக்கு, படுத்திருக்கும் நிலத்தை அதிரவைத்து வரும் அந்த ஓசை பாட்டாகக் கேட்பதில்லை. பல அம்ப்ளிபயர்களோடு பேஸைக் குறைக்கும் குமிழ் ஒன்று நீண்ட வயரோடு வரும். அதைச் சீற்றுக்கடியில் போட்டுவிடாமல், ஸ்டியரிங்கிலிருந்து கை எட்டும் இடத்தில் பூட்டிக்கொள்ளுங்கள்.