வருகைப் பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள்

கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் வரலாற்றைப் புரட்டுவோர் ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்னும் பெயரைக் காணாமல் கடந்து செல்ல இயலாது. 1842ஆம் ஆண்டு இளங்குருவாகப் புதுச்சேரியில் வந்திறங்கியவர் அவர். 1844இல் நடைபெற்ற புதுச்சேரி மாமன்றத்தில் பங்கேற்றார். 1846இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டுக் கோயம்புத்தூர்ப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். பின்னர் கருத்து வேறுபாடுகள் காரணமாக அப்பொறுப்பைத் துறந்து பிரான்சுக்குத் திரும்பினார். அவரைப் பற்றி நாம் அறிந்த கதை பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. அவருடைய கதையோ அங்கே முடியவில்லை. 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவிய அவர், 1859 மே 14 அன்று மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியெரா லியோனின் தலைநகரான ஃப்ரீடவுனில் கால்வைத்தார். அந்நகரை அப்போது மஞ்சள் காய்ச்சல் வாட்டிக்கொண்டிருந்தது. ஜூன் 25 அன்று, இறங்கிய 42 நாள்களுக்குள், அந்நோய்க்கே இரையானார். உடன் சென்ற தோழர்களிலும் பெரும்பாலோர் அங்கேயே மாண்டனர். 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று அறிவித்தபோது, உலகமே மற்றொரு கொள்ளைநோயின் பிடியில் இருந்தது.

நம் மண்ணில் உழைத்த ஒருவரின் கல்லறைக்கு இடமளித்த நகரம் என்பதனால், ஃப்ரீடவுனை முற்றிலும் அயலூராக எண்ண நமக்கு மனம் வருவதில்லை. அந்நகரத்திலும் நாட்டிலும் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றையே இக்கட்டுரையில் நினைவுகூர விழைகிறோம். கொள்ளைநோயால் மூடப்பட்ட பெண்கள் பள்ளிகள் தம் மாணவியரை மீண்டும் வரவேற்க எவ்வாறு ஆயத்தமாயின, அந்த ஆயத்தத்தில் எது விடுபட்டது என்பதே அது.

பெண்கல்வியில் ஃப்ரீடவுன் இளைத்த ஊரன்று. 1849இல் தொடங்கப்பெற்ற ஆனி வால்ஷ் நினைவுப் பள்ளி, சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் மிகப் பழைய பெண்கள் பள்ளிகளுள் ஒன்று. அது ஆங்கிலிக்கன் சபையினருடையது. ஆயர் பிரெசியாக் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1866இல், குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் அங்கே புனித சூசையப்பர் பெண்கள் பள்ளியைத் திறந்தனர். இச்சகோதரிகளும் நமக்கு அயலார் அல்லர். 1827 முதலே புதுச்சேரியில் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வருபவர்கள். அச்சபையை நிறுவிய அருளாளர் அன்னை ஆன் மரி ஜவூஹே, 1820களின் தொடக்கத்தில் ஃப்ரீடவுன் மருத்துவமனையில் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளுக்குத் தாமே பணிவிடை செய்தவர். ஆகவே, அந்நகரில் கொள்ளைநோயும் கன்னியரும் பள்ளிக்கூடமும் ஒன்றையொன்று அறிந்தே வளர்ந்தன எனலாம். 1918 ஆகஸ்ட் மாதம் ஒரு போர்க்கப்பலோடு வந்திறங்கிய இன்ஃபுளுயன்சாக் காய்ச்சலும் அந்நகரைச் சில வாரங்களில் படுக்கையில் தள்ளியது.

இனி 2014ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மே இறுதியில் நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள கைலாஹூன் மாவட்டத்தில் எபோலா நோய் கண்டறியப்பட்டது. கெனெமா அரசு மருத்துவமனையில் அந்நோயை எதிர்த்துப் போராடிய மருத்துவர் ஷேக் உமர் கான், ஜூலை 29 அன்று அதே நோயால் உயிர்நீத்தார். அடுத்துச் சில நாள்களுக்குள் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. செப்டம்பரில் திறக்க வேண்டிய பள்ளிகள் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 19 முதல் 21 வரை மூன்று நாள்கள் நாடு முழுவதும் எவரும் வீட்டைவிட்டு வெளியேறலாகாது என்று ஆணை பிறந்தது. பிறர் உடலைத் தொடுதல் கூடாது என்பதை மக்கள் மனத்தில் பதிக்க ஆங்கிலத்தின் ஏ, பி, சி என்ற முதல் மூன்று எழுத்துகளையே முழக்கமாக்கினர். பள்ளி இல்லாத காலத்தில் பிள்ளைகள் கற்ற அரிச்சுவடி அதுதான்!

எபோலா, நோயுற்றவரின் உடல்நீர்மங்களைத் தொடுவதனால் பரவும் நோய். அதனால் பராமரிப்போரையே முதலில் தாக்கும். காய்ச்சலில் கிடந்த கணவனுக்கு வாய் துடைத்தவள், இறந்த மாமியாரைக் குளிப்பாட்டியவள், குழந்தையின் வாந்தியை அள்ளியவள் என வீட்டுப் பெண்களே அதன் வழியில் நின்றனர். தாய் மாண்ட வீட்டில் மூத்த மகள் தாயானாள். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு உணவும் நீரும் காலத்தில் வந்து சேராத நாள்கள் உண்டு. சந்தைகள் அடைபட்டதால் அன்றாட வருவாய் நின்றது. இவற்றின் சுமை பெண்பிள்ளைகளின் மேல் எவ்வாறு இறங்கியது என்பதை ஆய்வாளர்கள் பின்னர் எழுதியுள்ளனர். சிறிது அரிசிக்காக, ஒரு குடம் தண்ணீருக்காகத் தம்மையே விலையாகத் தர நேர்ந்தவர்கள் இருந்தனர். வன்முறைக்கு உள்ளானவர்களும் இருந்தனர். 2014 அக்டோபர் முதல் வானொலி வழியே பாடம் ஒலிபரப்பியது அரசு. நல்ல முயற்சியே. ஆனால் வானொலிப் பெட்டி இல்லாத வீடுகள் பல. பெட்டி இருந்த வீட்டிலும் பாடம் ஒலிக்கும் வேளையில் பெண்பிள்ளை அடுப்படியில் இருந்திருப்பாள் என்பதை நம் வீடுகளை அறிந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோய் தணியத் தொடங்கிய பின், 2015 ஏப்ரல் 14 அன்று பள்ளிகள் திறக்கப்படும் என்று நாள் குறிக்கப்பட்டது. ஏறக்குறைய 18 இலட்சம் பிள்ளைகள் ஒன்பது மாதங்களுக்குப் பின் திரும்ப வேண்டும். அதற்கு நடந்த ஆயத்தங்களைப் பாராட்டாமல் இருக்க இயலாது. சில பள்ளிக் கட்டடங்கள் நோயாளிகளை வைத்திருக்கும் இடங்களாகப் பயன்பட்டிருந்தன. அவற்றைக் குளோரின் நீரால் கழுவித் தூய்மை செய்தனர். கழுவியபின்னும் அந்த அறைக்குள் தம் பிள்ளையை அனுப்பத் தயங்கிய பெற்றோரை எவ்வாறு குறைகூறுவது? வாயிலில் நெற்றியைத் தொடாமலே சூடு காணும் வெப்பமானி வைக்கப்பட்டது. காய்ச்சல் காணும் பிள்ளையை அமர்த்தத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்தவர்களை இடைவெளிவிட்டு அமர்த்த வேண்டியிருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, நோயிலிருந்து பிழைத்து வந்தவளை மற்றவர்கள் ஒதுக்காமல் எவ்வாறு காப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். இரண்டு கல்வியாண்டுகளுக்குக் கட்டணத்தை அரசு நீக்கியது.

எல்லாவற்றிலும் கண்ணில் பட்டது, வகுப்பறை முன் வைக்கப்பட்ட கைகழுவும் வாளி. மூடியிட்ட வாளி, அடியில் குழாய், கழுவிய நீர் விழக் கீழே ஒரு பாத்திரம். மேற்கு ஆப்பிரிக்காவில் இதனை வெரோனிக்கா வாளி என்பர். பெயரைக் கேட்டதும் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலை நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அது, இதனை வடிவமைத்த கானா நாட்டு உயிரியல் அறிஞர் வெரோனிக்கா பெகோ என்னும் பெண்மணியின் பெயர். ஓடும் குழாய்நீர் இல்லாத இடத்தில், ஒருவர் கழுவிய நீரில் மற்றவர் கைவைக்காதிருக்க அவர் கண்ட எளிய வழி அது.

வாளி வந்தது, வெப்பமானி வந்தது, ஆசிரியரும் வந்தனர். ஆனால் அதே நாள்களில் கல்வி அமைச்சகத்திலிருந்து மற்றோர் அறிவிப்பும் வந்தது. கருவுற்றிருப்பது வெளியே தெரியும் மாணவியர் பள்ளிக்கு வரலாகாது, தேர்வும் எழுதலாகாது. முன்பே பல பள்ளிகளில் இருந்துவந்த வழக்கம்தான் அது. இப்போது அரசின் வாய்மொழியாக உறுதி பெற்றது. அந்நோய்க் காலத்தில் கருவுற்ற வளரிளம் பெண்கள் ஏறத்தாழ 18,000 பேர் என ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் கணக்கிட்டிருந்தது. பள்ளி மூடப்பட்டதால் பாதுகாப்பை இழந்தவர்கள், பள்ளி திறந்தபோது பள்ளியையும் இழந்தனர்.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? கருவுற்றவளைக் கண்டு மாசற்ற மற்றப் பெண்பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது. இவ்வாக்கியத்தைக் கேட்கும்போது அதனை ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதென்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. நம் ஊர்களிலும், நம் பள்ளித் தாழ்வாரங்களிலும், பங்குப் பேரவைகளிலும் இதே சொற்களை நாம் கேட்டிருக்கிறோம். சில வேளைகளில் நாமே சொல்லியும் இருக்கிறோம். சியெரா லியோனில் பள்ளிகளின் பெரும்பகுதி கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளுக்கு உரியவை. அரசின் உதவியோடு நடப்பவை. ஆகையால் அத்தடை அரசு அலுவலகத்தில் பிறந்ததாயினும், பற்பல இடங்களில் நிறைவேறியது சிலுவையோ பிறையோ பொறித்த வாயில்களில்தான். ஒழுக்கம் பேணவே அவ்வாறு செய்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒழுக்கத்தின் தண்டனை எவர்மேல் விழுந்தது? அவளைக் கருவுறச் செய்தவன் மாணவனாயின் அவன் அதே நாளில் புத்தகப் பையோடு உள்ளே போயிருப்பான். வளர்ந்த ஆணாயின் அவனை எந்த வாயிற்காவலரும் கேட்கப்போவதில்லை.

அத்தடை எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு 2015 நவம்பரில் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. சில பள்ளிகளில் மாணவியரின் வயிற்றையும் மார்பையும் தொட்டுப் பார்த்தனர். சிலரைச் சிறுநீர்ச் சோதனைக்கு உட்படுத்தினர். தேர்வெழுத வேண்டும் என்ற ஆசையில் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டாம். பிறர் உடலைத் தொடலாகாது என்று நாடெங்கும் முழங்கிய அதே ஆண்டில் இது நிகழ்ந்தது.

இவர்களுக்கெனத் தனிக் கல்வி மையங்கள் பின்னர் ஏற்படுத்தப்பட்டன; பிரித்தானியாவும் அயர்லாந்தும் பொருளுதவி செய்தன. ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்று பல பெண்கள் ஆர்வத்துடன் சென்றனர். எனினும் அங்கே வாரத்தில் மூன்று நாள்களே வகுப்பு; பாடங்களும் குறைவு.

வேறொரு வழியும் இருந்ததை இங்குச் சொல்லியாக வேண்டும். எபோலாவுக்கு முன்பே பிராக் என்னும் தொண்டு நிறுவனம் சில கிராமங்களில் பெண்பிள்ளைகளுக்கான மன்றங்களைத் தொடங்கியிருந்தது. அவர்கள் கூடிப் பேசவும், உடல்நலம் குறித்து அறியவும், கைத்தொழில் பழகவும் ஓர் இடம், அவ்வளவே. நோய் கடுமையாகத் தாக்கிய கிராமங்களை ஆய்வாளர்கள் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மன்றம் இல்லாத ஊர்களில் கருவுற்றவர் மிகுதியாகவும் பள்ளிக்குத் திரும்பியவர் குறைவாகவும் இருந்தனர். மன்றம் இருந்த ஊர்களில் அந்த இழப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. ஆக, பெண்பிள்ளையின் திரும்புதலுக்கான ஆயத்தம், பள்ளி மூடியிருந்த மாதங்களிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

2015 நவம்பர் 7 அன்று சியெரா லியோனில் எபோலா பரவல் முடிவுற்றதென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. 14,000க்கு மேற்பட்டோர் நோயுற்று, ஏறத்தாழ 4,000 பேர் மாண்டிருந்தனர். புதிய நோயாளி இன்றித் தொடர்ந்து 42 நாள்கள் கழிந்தால்தான் அவ்வாறு அறிவிப்பர். ஆயர் பிரெசியாக் அந்நகரில் வாழ்ந்த நாள்களின் எண்ணிக்கையும் அதுவே; தற்செயல்தான், ஆயினும் குறித்து வைக்கிறோம். நாடு நோயிலிருந்து விடுபட்டது. பள்ளித் தடை விடுபடவில்லை, ஐந்தாண்டுகள் நீடித்தது. அதனை எதிர்த்து அந்நாட்டுப் பெண்கள் அமைப்பு ஒன்று, பிற மனித உரிமை அமைப்புகளுடன் சேர்ந்து, 2018இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றத்தை நாடியது. 2019 டிசம்பர் 12 அன்று, அத்தடை பாகுபாடு காட்டுவது, உடனே நீக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தனி மையங்களும் அவ்வாறே பாகுபாடுதான் என நீதிமன்றம் கூறியது.

2020 மார்ச் 30 அன்று அரசு தடையை நீக்கியது. மறுநாள் மார்ச் 31 அன்று அந்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார், பள்ளிகள் மூடப்பட்டன. ஐந்தாண்டுகளுக்குப் பின் வழக்காடித் திறந்த வாயில், திறந்த மறுநாளே அனைவருக்குமாக அடைபட்டது.

ஆயினும் இரண்டாம் முறை ஆயத்தம் வேறுவிதமாக இருந்தது. வாளிகள் முன்பே பழகியவை. வானொலிப் பாடமும் பழகியதே. தேர்வெழுதும் வகுப்பினர் ஜூலையில் திரும்பினர். அக்டோபர் 5 அன்று அனைத்துப் பள்ளிகளும் திறந்தபோது, கருவுற்றவளையும் கைக்குழந்தையுடையவளையும் திருப்பியனுப்ப எந்தத் தலைமையாசிரியைக்கும் அரசின் ஆணை துணைநிற்கவில்லை. 2021இல் இதுவே எழுத்து வடிவிலான கொள்கையாயிற்று. கருவுற்ற மாணவியர், இளந்தாயர், உடற்குறையுடையோர், வறியோர் ஆகிய அனைவரையும் பள்ளி ஏற்க வேண்டும் என்று அது கூறுகிறது. குழந்தைத் திருமணத்தைத் தடைசெய்யும் சட்டம் 2024 ஜூலையில் வந்தது. வாயிலில் நின்ற வழக்கங்கள் ஓர் ஆணையால் மறைந்துவிடுவதில்லை. பல பெண்கள் கூச்சத்தாலும் வறுமையாலும் இன்னும் வீட்டில் தங்கிவிடுகின்றனர்.

2015 ஏப்ரல் 14 அன்று வாயிலில் தடுக்கப்பட்ட பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, 2020 அக்டோபர் 5 அன்று இருபது நிறைந்திருக்கும். அன்று அவள் வயிற்றிலிருந்த குழந்தை, முதல் வகுப்பில் சேரும் வயதை நெருங்கியிருக்கும்.