குண்டூசியிலிருந்து லாக் டேபிள் வரை

அலுவலகத்தில் பெரிய வேலை ஒன்று வந்தால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, எது எப்போது முடிய வேண்டும் என்று பட்டியல் போடுகிறோம். ஏரி வெட்டியவர்களுக்கும் கோபுரம் எழுப்பியவர்களுக்கும் தெரிந்த வழிதான் இது. ஆனால் மூளை வேலையையும் இப்படிப் பங்கு போடலாம், கணிதம் படிக்காதவர்களைக் கொண்டே மாபெரும் கணித வேலையை முடிக்கலாம் என்ற எண்ணம் வேறொரு வழியாக வந்தது. அந்த வழியின் தொடக்கத்தில் இருப்பது குண்டூசி.

1755-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் குண்டூசி செய்வது பற்றி விரிவான கட்டுரை ஒன்று உண்டு. கம்பியை நிமிர்த்துவது, வெட்டுவது, முனையைத் தீட்டுவது, தலை பொருத்துவது என்று மொத்தம் 18 வேலைகளை அது வரிசைப்படுத்தியது. அந்தப் பதினெட்டு கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்காரர் ஆடம் ஸ்மித்தின் கைக்குப் போனது. 1776-இல் வந்த தன் 'நாடுகளின் செல்வம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே அவர் குண்டூசியை எடுத்துக்கொண்டார். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் 48,000 ஊசி. பழக்கமில்லாத ஒருவர் தனியாக உட்கார்ந்தால் இருபது தேறுவதே கடினம் என்றார்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிரான்சில் புரட்சி வெடித்தது. புதிய அரசு அளவுகள் அனைத்தையும் பத்தின் மடங்குகளாக மாற்றத் துணிந்தது. செங்கோணத்துக்குக்கூட 90 பாகைக்குப் பதிலாக 100. அதனால் அதுவரை அச்சிட்ட கோண அட்டவணைகள் எதுவும் புதிய கணக்குக்கு உதவாது. புதியவற்றைத் தயாரிக்கும் பொறுப்பு, நில அளவைத் துறைக்குத் தலைமை வகித்த பாலப் பொறியாளர் கஸ்பார் தெ ப்ரோனியிடம் வந்தது. அவற்றோடு 1 முதல் 2,00,000 வரை எல்லா எண்களுக்கும் மடக்கை (லாக்) வேண்டும். அதற்கு முன் யாரும் செய்திராத அளவில் வேண்டும். மூன்று நான்கு உதவியாளர்களோடு ஆயுள் முழுக்க உழைத்தாலும் முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் கவலையில் இருந்தபோது ஒரு புத்தகக் கடையில் ஸ்மித்தின் நூலைக் கையிலெடுத்தாராம். விரித்த பக்கத்தில் குண்டூசி இருந்ததாம். மடக்கையையும் ஊசி மாதிரியே செய்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

அவர் வேலையை மூன்று அடுக்காக வெட்டினார். மேலே லெஜாந்தர் போன்ற கணித மேதைகள் ஐந்தாறு பேர் சூத்திரங்களைத் தேர்ந்தார்கள். நடுவில் ஏழெட்டுப் பேர் அவற்றை எண்களாக்கி, ஒவ்வொரு தாளிலும் தொடக்க எண்களை மட்டும் நிரப்பினார்கள். அதன் பிறகு கூட்டலும் கழித்தலும் போதும். முந்தைய எண்களின் வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அடுத்த எண் வந்துவிடும். இதைச் செய்தவர்கள் கீழ் அடுக்கில் இருந்த அறுபது முதல் எண்பது பேர். அவர்களில் பலர் பிரபுக்களின் தலைகளுக்கு ஒப்பனை செய்து பிழைத்த சிகையலங்காரக்காரர்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தலைகள் கில்லட்டினுக்குப் போன பிறகு அவர்களுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. ஒரே கணக்கை இரண்டு முறை தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டார்கள். கூட்டல் கழித்தலுக்கு மேல் எதுவும் தெரியாதவர்களின் தாள்களில்தான் பிழை குறைவாக இருந்ததாம். வேலை முடிந்தும் அச்சுக்குப் பணம் இல்லை. கையெழுத்துத் தொகுதிகள் அப்படியே கிடந்தன. அவற்றின் ஒரு சுருக்கம் அச்சேறியது 1891-இல்.

1819-இல் பாரிசுக்கு வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜை அந்தத் தாள்கள் ஈர்த்தன. கீழ் அடுக்கின் வேலை அவ்வளவு எளிது என்றால் மனிதர் எதற்கு, பல்சக்கரம் போதாதா என்ற கேள்வியிலிருந்து அவருடைய வித்தியாச இயந்திரம் பிறந்தது. பிரிட்டிஷ் அரசு சுமார் 17,000 பவுண்டு கொட்டியும் அது முழுமை பெறவில்லை. பத்திரிகையில் அதைப் பற்றிப் படித்த ஸ்வீடன் நாட்டு அச்சகக்காரர் கேயோர்க் ஷோயிட்ஸ், மகனோடு சேர்ந்து தாமே ஒன்றைச் செய்துவிட்டார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பொறாமைப்படாமல் பாபேஜே அவர்களுக்குத் துணை நின்றார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பாபேஜ் 1832-இல் எழுதிய நூலில் இன்னொன்றும் சொன்னார்: வேலையைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தேவையான திறமையை மட்டும் விலைக்கு வாங்கலாம், எளிய துண்டுக்கு மேதையின் கூலி கொடுக்க வேண்டியதில்லை. வேலையைப் பிரிக்கும் கலை கூலியைக் குறைக்கும் கலையாகவும் ஆனது இங்கேதான். துண்டைக் கையில் வைத்திருப்பவருக்கு முழு வேலையைக் காட்ட வேண்டிய அவசியமில்லை என்ற நினைப்பும் இதோடு ஒட்டிக்கொண்டது. இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது இந்த இடம்.

1938-இல் அமெரிக்காவில் பெருமந்தம் இன்னும் நீங்கவில்லை. வேலையற்றோருக்கான அரசுத் திட்டத்தின் கீழ் நியூயார்க்கில் கணித அட்டவணைப் பணி தொடங்கியது. ஒரு கட்டத்தில் 450 பேர் கையாலேயே கணக்குப் போட்டார்கள். பணிகளை வகுத்துக் கொடுத்த கெர்ட்ரூட் பிளாஞ்ச், போலந்தில் பிறந்து புலம்பெயர்ந்தவர். ஒரு குழுவுக்குக் கூட்டல் மட்டும், இன்னொன்றுக்குக் கழித்தல் மட்டும் என்று பிரித்தார். நேர் எண் கறுப்புப் பென்சிலில், எதிர் எண் சிவப்பில். கறுப்பும் சிவப்பும் சேர்ந்து வந்தால் தாளை அடுத்த குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். தெ ப்ரோனியின் ஏற்பாடேதான். ஆனால் மதிய உணவு நேரத்தில் பிளாஞ்ச் அவர்களுக்குக் கணித வகுப்பும் நடத்தினார். எளிய கணக்கில் தொடங்கிப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்.

சில ஆண்டுகளில் இதே முறை நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் மலைக்கு ஏறியது. அங்கே ஐ.பி.எம். இயந்திரங்கள் வருமுன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு செய்கை மட்டும் செய்து அட்டையை அடுத்தவரிடம் தள்ளினார்கள். பிறகு இயந்திரங்களை இயக்க வந்த இளம் ராணுவப் பொறியாளர்களுக்கு, தாங்கள் எதற்காகத் துளையட்டைகளைத் தள்ளுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது மாதத்தில் மூன்று கணக்குகள்தான் முடிந்தன. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ஆய்வகத் தலைவர் ஓப்பன்ஹைமர் மூலம் அனுமதி பெற்று, அவர்களை உட்காரவைத்து முழு நோக்கத்தையும் விளக்கினார். அந்த நோக்கம் அணுகுண்டு. அதை மறந்துவிட்டு, அடுத்து வந்த வெற்றியைப் பாராட்ட முடியாது. ஆனால் கேட்டவர்கள் மாறிப்போனார்கள் என்று ஃபைன்மன் பின்னாளில் சொன்னார். மேற்பார்வை இல்லாமலே இரவில் வந்து உழைத்தார்கள். ஒரே சுற்றில் இரண்டு மூன்று கணக்குகள் ஓடும்படி வண்ண அட்டைகளைப் பயன்படுத்தும் வழியைக் கண்டார்கள். அடுத்த மூன்று மாதங்களில் ஒன்பது கணக்குகளை முடித்தார்கள்.